ஏழு ஞாயிற்று நேர்த்தி

மலை ஏறுவது உடம்புக்கு நல்லது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பலெர்மோவில் எங்கள் பெண்களுக்கு வருகிற வருத்தங்களில் பாதி, நடக்காமல் வருவது. நாள் முழுவதும் இன்னொருவர் வீட்டுக்குள் குனிந்து நிமிர்கிறார்கள், அதையே நடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மொன்தே பெல்லெக்ரீனோவின் பழைய கல்வழியால் ஒருநாள் ஏறிப் பாருங்கள், டொக்டர். முதல் வளைவில் மூச்சு வாங்கும். பாதி வழியில் கடல் தெரியும்போது மனம் அமைதியாகிவிடும்.

போன வியாழக்கிழமை உங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். என் இத்தாலியன் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், பதினொரு வருடமாக அதைக் கேட்டு வருகிறீர்கள். ஆனால் இந்த விசயம் எனக்கு என் பாசையில்தான் ஒழுங்காக வரும். என் மகள் யூலியானா வாசித்து உங்களுக்குச் சொல்வாள். மன்னாரிலிருந்து எட்டு வயதில் வந்தவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அவளுக்கு நான் சொல்லி வைப்பது ஒன்றுதான்: ஒரு சொல்லையும் விடக்கூடாது, ஒரு சொல்லையும் கூட்டக்கூடாது. இன்னொருவருடைய பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் அது முக்கியம்.

என் பெயர் புனிதமலர். என் மனுசர் ஸ்ரனிஸ்லாஸ் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் மீன் வெட்டுகிறார். நான் வந்த நாள் தொடக்கம் ஒரே வீட்டில்தான் வேலை. அந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள், நான் பிழையாகப் பேசினால் திருத்திச் சொல்லும்வரை கையில் தட்டைத் தரமாட்டாள். அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தட்டாக நான் இத்தாலியன் படித்தேன். பிறகு அது எங்கள் சனத்துக்குத் தெரியவந்தது. பல்லுக் கொதி என்றால் புனிதக்கா. குவெஸ்தூராப் பொலிசில் வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டுமென்றால் புனிதக்கா. ஒருத்திக்குக் கையில் கடி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், பின்னால் ஐந்து பேர் வருவார்கள், ஐந்து பேரும் ஐந்து கதை சொல்வார்கள், நான் அவ்வளவையும் கேட்டு டொக்டருக்கு ஒரு வசனத்தில் சொல்ல வேண்டும். வேதக்காரர், சைவக்காரர் என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை, அவர்களும் கையை வீசிக்கொண்டுதான் வருவார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. இந்த நகரத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் வயிற்றில் பிள்ளை தங்கினால் அவளுடைய புருசனுக்குத் தெரிய முன்னமே எனக்குத் தெரியும். உங்கள் கிளினிக்கில் நீங்கள் கேள்வி கேட்கும்போது அவளைப் பார்த்துக் கேட்கமாட்டீர்கள், என்னைப் பார்த்துத்தான் கேட்பீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

குகனேஸ்வரி யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பிள்ளை. சைவம். தொண்ணூற்றைந்தில் அவளுக்கு இருபத்தெட்டு இருக்கும். நடக்க முடியாத ஒரு கிழட்டுச் சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்தாள். கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் அந்த மனுசியைத் தூக்குவதுதான் வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு. புருசன் ஞானசேகரம் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவின் தோட்டத்தில் நின்றான். அவனுக்கு அப்போது ஒரு பேப்பரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் ரெயினில் வந்து பெண்சாதியைப் பார்த்துவிட்டுப் போவான்.

அவர்களுக்கு ஆரணி என்று ஏழு வயதில் ஒரு மகள். கோப்பாயில் குகனேஸ்வரியின் தமக்கையோடு இருந்தாள். பிள்ளையை இங்கே எடுப்பதென்றால் தாய்க்கு வேலை வேண்டும், பிள்ளைக்கு இருக்க இடம் வேண்டும். இரண்டும் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் பிள்ளை படுக்கலாம் என்று கிழவி சொல்லியிருந்தாள், கையெழுத்து வைக்க அவளுடைய மகனும் சம்மதித்திருந்தான். தை மாதம் விண்ணப்பம் போடுவதாக இருந்தது. குகனேஸ்வரி அதற்கு முன்னமே பல்லரோச் சந்தையில் முயல் படம் போட்ட படுக்கை விரிப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு வியாழன் பின்னேரம் அதே சந்தையில் என்னைத் தேடிப் பிடித்தாள். நான் ஒலிவ் காய் வாங்கிக்கொண்டு நின்றேன்.

“அக்கா, வயித்தில தங்கீட்டுது.”

“நல்ல விசயம்தானே.”

“இது வந்தா அது வராது, அக்கா.”

எனக்கு விளங்கியது. வயிற்றில் பிள்ளையோடு கிழவியைத் தூக்க முடியாது. தூக்காதவளை மகன் வைத்திருக்கமாட்டான். வேலை போனால் அறையும் போகும், ஆரணியின் விண்ணப்பமும் போகும். அவள் அழவில்லை. சனம் இடித்துக்கொண்டு போகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “என்னை அந்த டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்களை விட்டா எனக்கு வாய் இல்லை.”

அடுத்த வியாழன் கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் பச்சைச் சட்டை போட்டிருந்தீர்கள். சோதித்துவிட்டு ஆறுதலாகப் பேசினீர்கள். இந்த நாட்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது என்றீர்கள். ஒரு பேப்பர் எழுதித் தந்தீர்கள். யோசிப்பதற்கு ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்றீர்கள். அதன்பிறகு பேப்பரோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஒருவரைத் தவிர மற்ற டொக்டர்மார் எல்லோரும் மனச்சாட்சி இடம் தராது என்று எழுதிக் கொடுத்தவர்கள், அந்த ஒருவரும் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றீர்கள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். விளங்கியதா என்று கேட்டீர்கள், தலையாட்டினாள்.

பேப்பரை நான் வாங்கி என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்த வீட்டு மகன் கண்டால் அவளுக்குக் கரைச்சல்.

படி இறங்கும்போது அவள்தான் தொடங்கினாள். இதை யூலியானா அழுத்திச் சொல்ல வேண்டும், நான் தொடங்கவில்லை.

“பாவம்தானே, அக்கா?”

ஒரு சைவப் பிள்ளை என்னிடம் இதைக் கேட்கிறாள். பாவம் என்றும் நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “மலையம்மாவிட்டைக் கேள்,” என்றேன். மலையம்மா என்று எங்கள் சைவப் பெண்கள் சொல்வது சாந்தா றோசாலியாவை. இந்த நகரத்துக்குக் காவல் அவள்தான், மலையுச்சிக் குகைக்குள் பொன் உடுப்போடு சிலையாகப் படுத்திருக்கிறாள். நம்மவர்கள் எந்தச் சமயமானாலும் ஞாயிற்றுக்கிழமையில் அவளிடம் ஏறுவார்கள். “ஏழு ஞாயிறு வெறுங்காலோடை ஏறு. அவவிட்டை உத்தரவு கேள். ஏழாவது முடியவும் உன்ரை மனம் இதிலைதான் நிக்குதெண்டா நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்.”

அவளுடைய முகம் தெளிந்துவிட்டது. “ஓம் அக்கா. சட்டத்துக்கு ஏழு நாள், அம்மாவுக்கு ஏழு ஞாயிறு,” என்றாள். அவளுக்கு அது பொருந்தி வந்தது.

அந்த ஞாயிறுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். விடிந்ததும் அடிவாரத்தில் சந்திப்போம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வோம். கல் குளிர்ந்து கிடக்கும். வயிற்றைப் பிரட்டும்போது அவள் ஓரத்தில் போய் இருப்பாள், நான் அவளுடைய பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். எங்களைப் போலவே வெறுங்காலோடு ஏறுகிற சிசிலிக் கிழவிகள் அவளைப் பார்த்துக் கன்னத்தில் தட்டிவிட்டுப் போவார்கள். குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும், அதைத் தகரப் பீலிகளால் ஒரு பக்கமாகத் திருப்பி விட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புனிதை படுத்திருப்பாள், சனம் போட்ட சங்கிலியும் காப்பும் அவளைச் சுற்றிக் கிடக்கும். குகனேஸ்வரி கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி கனநேரம் நிற்பாள். இறங்கி வந்து ஒரு கல்லில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடுவோம். அவள் ஆரணியின் கதை சொல்வாள். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டதாம், கடிதத்தில் பல்லை வைத்து அனுப்பட்டோ என்று கேட்டதாம்.

எனக்கு அந்த நாட்கள் சந்தோசமாக இருந்தன. என் மகளை ஒருமுறை மலைக்குக் கூட்டிப்போனேன், இரண்டாவது வளைவிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்துவிட்டாள், பிறகு நான் கேட்பதில்லை. குகனேஸ்வரி அப்படியில்லை. சொன்னதைக் கேட்பாள், இறங்கும்போது என் கால் நோகும் என்று தன் தோளைத் தருவாள்.

மூன்று ஞாயிறு முடிந்த நிலையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஆமி வருகிறதென்று ஒரே இரவில் சனம் முழுவதும் எழும்பி நடந்ததாம், மழைக்குள், செம்மணிப் பக்கமாக. இங்கே எங்கள் ஆட்கள் டெலிபோன் கடைகளில் வரிசையில் நின்றார்கள். யாரை எடுத்தாலும் கொழும்பில் இருக்கிறவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. தமக்கையும் ஆரணியும் எங்கே என்று தெரியவில்லை. வியாழன் பின்னேரம் குகனேஸ்வரி என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“காணும் அக்கா. இனி நான் ஏறேல்லை. இந்தச் செவ்வாயே ஆசுப்பத்திரிக்குப் போவம். இதை முடிச்சுப்போட்டு அவளைக் கெதியா எடுக்க வேணும்.”

நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு சொன்னேன்: “மூண்டு ஏறீட்டாய். நேர்த்திக்கடனை இடையிலை விட்டுப்போட்டு, அங்கை பிள்ளைக்கு ஒண்டு நடந்தா, உன்னை நீ மன்னிப்பியோ?”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நாலாவது ஞாயிறு நான் அடிவாரத்துக்குப் போனபோது எனக்கு முன்னமே வந்து செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் உத்தரவு கேட்பதற்காக ஏறவில்லை, ஆரணிக்காக ஏறினாள். எனக்கு அது தெரிந்தது. நான் திருத்தவில்லை.

ஆறாவது ஞாயிற்றுக்கு முதல் நாள் செய்தி வந்தது. இருவரும் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்தார்கள். மறுநாள் குகைக்குள் அவள் விழுந்து அழுதாள். புனிதை கேட்டுவிட்டாள் என்று அவள் நம்பினாள். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன்.

ஏழாவதை முடித்துவிட்டு அந்த வியாழனே உங்களிடம் வந்தோம். சொன்ன சொல் தவறாமல் நான்தான் கூட்டி வந்தேன். நீங்கள் ஸ்கானைப் பார்த்தீர்கள், பழைய பேப்பரைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு பிந்தினாள் என்று கேட்டீர்கள்.

“ஏன் பிந்தினது எண்டு கேக்கிறா,” என்று அவளுக்குச் சொன்னேன்.

“நேர்த்தி முடிய வேணுமெல்லே. நீங்கள்தானே அக்கா சொன்னனியள்.”

அவளுக்கு முடிவெடுக்க முடியவில்லையாம் என்று உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் பாவம் என்று சொல்லி ஏதோ எழுதினீர்கள். நீளமான பேச்சை இந்த வேலையில் சில நேரம் சுருக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

“என்னவாம் அக்கா?”

“காலம் கடந்திட்டுதாம்.”

“எந்தக் காலம்?”

வெளியில் போய்க் கதைப்போம் என்று எழுப்பிக்கொண்டு போனேன்.

மேலே ஒன்றை விட்டுவிட்டேன், இப்போது எழுதுகிறேன். முதல்நாள் நீங்கள் சொன்னவற்றில் ஒன்றை நான் இந்தத் தாளில் எழுதவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை. தொண்ணூறு நாள் கடந்தால் சட்டம் இடம் தராது, அதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொன்னீர்கள். விரலால் மேசையில் தட்டி இரண்டு தரம் சொன்னீர்கள். அவள் உங்கள் விரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆறுதலா யோசிச்சு வரட்டாம்,” என்றேன். அது பொய் என்று நீங்கள் நினைக்கலாம். யோசிக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் மனச்சாட்சி என்று எழுதிக் கொடுத்த டொக்டர்மார் எத்தனை பேர். இங்கே அவர்களை ஒபியெத்தோரே என்கிறீர்கள், அதற்கென்று ஒரு மரியாதை வைத்திருக்கிறீர்கள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பெண்களுக்கு நாள் போகிறது. ஒருவர்தான் வருவார், அதுவும் செவ்வாய்தான் வருவார், அவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த செவ்வாய். அவர்களை ஒருவரும் கதவைச் சாத்திவிட்டு ஏன் என்று கேட்பதில்லை. சம்பளம் வருகிறது, ஞாயிறு பூசையில் முன்வாங்கில் இருக்கிறார்கள். மனச்சாட்சி எனக்கும் இருக்கிறது, டொக்டர். வீடு கூட்டுகிறவளின் மனச்சாட்சியை எழுதிக் கொடுக்க உங்கள் சட்டத்தில் இடம் இல்லை, நான் எழுதிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். எங்கள் பங்குச் சுவாமியாரும் இதைச் செய் என்று எனக்குச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது.

தைத் தொடக்கத்திலேயே, விண்ணப்பம் போட முன்னமே, வயிறு தெரிந்தது. கிழவி அழுதாளாம், மகன் ஒரு மாதச் சம்பளத்தைக் கூடக் கொடுத்து அனுப்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆரணியின் விண்ணப்பம் போடாமலே நின்றுபோனது. அல்பெர்கேரியாவில் இன்னும் இரண்டு குடும்பத்தோடு ஒரு வீட்டில் குகனேஸ்வரிக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்தேன். வைகாசிக் கடைசியில் மகன் பிறந்தான். விதுரன் என்று பெயர் வைத்தார்கள். நல்ல சுகமான பிள்ளை, ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கியது நான்தான். பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு ஒரு சங்கிலி போட்டேன்.

அந்த வருசம் கிளிநொச்சியும் ஆமியிடம் விழுந்தது, சனம் திரும்பவும் எழும்பி ஓடியது. மாரிக்குள் மல்லாவியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் ஆரணிக்கு மலேரியா வந்தது. மருந்து உள்ளே விடாத காலம். தமக்கை எழுதிய கடிதம் தை மாதம்தான் இங்கே வந்து சேர்ந்தது. யூலியானாதான் இரவு முழுக்க குகனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், நான் வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றினேன்.

விண்ணப்பம் போட்டிருந்தால் பிள்ளை வந்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதே பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்த இரண்டு பிள்ளைகள் வெளியேறப் பாஸ் எடுத்து, கொழும்பு வந்து, ஆனி மாதம் இங்கே வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்குத் தாய்தகப்பனோடு நான்தான் போனேன், பேச ஆள் வேண்டுமே. ஆனால் மலேரியாவுக்கு நான் பொறுப்பில்லை. நான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேன், இன்னொரு பிள்ளை யுத்தத்தில் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கதைப்பது நியாயமில்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் யூலியானா குகனேஸ்வரியிடம் போய்த் தொண்ணூறு நாள் விசயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் உங்களிடமும் வந்தாள். அவளுக்கு அது எப்படித் தெரியவந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

குகனேஸ்வரி விதுரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். அவள் சத்தம் போடவில்லை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. விதுரன் என்னைக் கண்டு கையை நீட்டினான், அவள் அவனை மற்றப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அக்கா, ஏன் ஏழு எண்டு சொன்னனியள்? அஞ்செண்டு சொல்லியிருந்தாலும் நான் ஏறியிருப்பன்தானே. அஞ்செண்டா நாள் இருந்திருக்கும்.”

அவள் அதை மட்டும்தான் கேட்டாள். பதிலுக்குக் காத்து நின்றாள், நான் சொல்லாததால் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அந்த முதல்நாள் அவளுடைய வயிற்றைச் சோதித்துக் கிழமைக் கணக்குச் சொன்னபோதே நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஐந்து போதாது. ஆறு சந்தேகம், அந்தச் செவ்வாய் டொக்டர் வந்துவிட்டால் காரியம் நடந்துவிடும். ஏழு என்றால் பயமில்லை. ஏழு சாந்தா றோசாலியாவின் கணக்கு இல்லை, டொக்டர். என்னுடைய கணக்கு.

குகனேஸ்வரி முதல் ஆளும் இல்லை. எத்தனை பேர் என்று கேட்டீர்கள், நான் எண்ணி வைக்கவில்லை. ஒருத்தி பிந்தி வந்தாள், அவளுக்கு ஒன்பது நாள் நவநாளே போதுமாக இருந்தது. இன்னொருத்தி மிகவும் முந்தி வந்துவிட்டாள், அவளுக்கு அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் கொடுத்தேன். செவ்வாய் கொடுத்ததில் இன்னொரு வசதியும் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு அந்த ஒரு டொக்டர் வருவதும் செவ்வாய்தானே. அவரவர் வயிற்றைப் பார்த்துத்தான் நேர்த்தி கொடுத்தேன். உங்களிடம் திரும்பி வந்தபோது ஒவ்வொருத்திக்கும் முடிவெடுக்க முடியவில்லையாம் என்று சொன்னேன், நீங்கள் ஒவ்வொரு முறையும் பாவம் என்றீர்கள். தமிழ்ப் பெண்கள் ஏன் எப்போதும் பிந்தி வருகிறார்கள் என்று ஒருநாள் என்னிடமே கேட்டீர்கள். எங்கள் பெண்கள் கூச்சக்காரர் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா?

ஆவணியில் மடுமாதா திருநாளுக்கு எங்கள் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையில் வருவார்கள். எந்த எந்தப் பிள்ளை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மாமி என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். அப்போது என் நெஞ்சு நிறையும். அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க நான் ஆயத்தமில்லை.

இனி யூலியானாவின் விசயம். யூலியானா, இதையும் விடாமல் சொல்லு.

இந்த வருசம் தவக்காலத்தில் ஒரு பின்னேரம் குசினியில் வைத்து மகள் எனக்குச் சொன்னாள். பெடியன் யார் என்பது இங்கே தேவையில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது, யூனில் பெரிய சோதனை, அது முடிந்தால் தாதிப் படிப்புக்குப் போக வேண்டும். தகப்பனுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும். நான் பானையை இறக்கி வைத்தேன், அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டேன், அந்த வியாழனே உங்களிடம் கூட்டி வந்தேன்.

அவளுக்கு என் வாய் தேவைப்படவில்லை. நான் ஜன்னலோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த அறையில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நீங்கள் சட்டத்தைச் சொன்னீர்கள், பேப்பர் தந்தீர்கள், ஏழு நாளைச் சொன்னீர்கள், செவ்வாய்க்கிழமையைச் சொன்னீர்கள். கடைசியாக விரலால் மேசையில் தட்டித் தொண்ணூறு நாளைச் சொன்னீர்கள், இரண்டு தரம். யூலியானா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆரணி செத்த செய்தி வந்த இரவில், எந்தக் காலம் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை என்று குகனேஸ்வரி புலம்பியதை அவள் கேட்டிருந்தாள். நான் கைப்பையைத் திறந்து முகம் துடைக்க லேஞ்சியை எடுத்தேன்.

அந்தச் சட்டப்படியான ஏழு நாளும் முடிந்து, வந்த செவ்வாயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு தாதி மகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, மற்றவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். நான் எழும்பிப் போய் நல்ல இத்தாலியனில், நாங்கள் சட்டம் தந்த உரிமையோடு வந்திருக்கிறோம், உங்களுடைய அபிப்பிராயத்தை நாங்கள் கேட்கவில்லை என்றேன். அவள் சிவந்துபோனாள். வீட்டுக்கு வந்து மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். ஸ்ரனிஸ்லாஸுக்கு, மகளுக்கு வயிற்றுக் கோளாறு என்றேன். ஆறு கிழமையாக அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை, பிறகு குகனேஸ்வரியிடம் போனாள்.

போன வியாழன் நான் எழும்பிக் கதவடிக்குப் போன பிறகு நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். உன் மகளை ஏன் மலைக்கு ஏற்றவில்லை என்று. பிறகு வீட்டில் இருந்து ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, டொக்டர். யூலியானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஏற்றம் ஒத்துவராது. இரண்டாவது வளைவிலேயே பிள்ளைக்குக் கால் நோகும்.